உதவித்தொகை வருதா, ஆச்சி?

உங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வருகிற ஆச்சிக்கு என்ன வயசு என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? நான் பல வருஷம் கேட்டதில்லை. பொன்னாங்கண்ணி கட்டு என்ன விலை, மணத்தக்காளி உண்டா என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடும். (எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வயசான பெண்களை 'ஆச்சி' என்றுதான் கூப்பிடுவோம்.)

அந்த ஆச்சி ஒருநாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, நோயாளியாக என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "கிறுகிறுன்னு வருது ஐயா. முட்டி ரெண்டும் மடக்க முடியல." வயசு எழுபத்திரண்டு. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடக்கிறது. முழங்கால்களில் அழல் கீல்வாயு. ரத்தக் கொதிப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையை அப்படியே தொடரச் சொல்லிவிட்டு, முட்டிக்குத் தைலமும், உடம்பு தேற அமுக்கரா சூரணமும் கொடுத்தேன். "காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பிறகு, பாலில் கலந்து குடிங்க ஆச்சி."

பதினைந்து நாள் கழித்து வந்தார். முன்னேற்றம் எதுவும் இல்லை. பொட்டலத்தைப் பிரித்தால் பாதிச் சூரணம் அப்படியே இருக்கிறது! கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். ஆச்சி சங்கடமாகச் சிரித்தார்.

"சாப்பாட்டுக்குப் பொறவுன்னு சொன்னிய. நான் சாப்பிடுறதே ஒரு நேரந்தான ஐயா!"

நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். வயிற்றுக்கு என்ன போகிறது என்று கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

அதன் பிறகுதான் விஷயம் மெல்ல வெளியே வந்தது. ஆச்சிக்கு முதியோர் உதவித்தொகை உண்டு. ஆனால் ஐந்து மாதமாகப் பணம் கையில் வரவில்லை. நிறுத்திவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. "வருதாம். அந்தப் பொட்டி மிஷின்ல என் ரேகை விழ மாட்டேங்கு" என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

விரல்களைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தன. வயசாக ஆகத் தோல் மெலியும், எண்ணெய்ப் பசை குறையும், ரேகையின் மேடு தட்டையாகிவிடும். அதோடு நாற்பது வருஷம் கீரை ஆய்ந்து, தண்ணீரில் அலசி, நாரில் கட்டிய விரல்கள். ரேகை எங்கே மிஞ்சும்? பாத்திரம் தேய்க்கிறவர், சித்தாள், கல் உடைத்தவர், பீடி சுற்றியவர் எல்லாருக்கும் இதே கதைதான்.

என்னிடம் வேலை பார்க்கும் பையனை ஆச்சியோடு வங்கிக் கிளைக்கே அனுப்பினேன். பாஸ்புக்கைக் காட்டி, பணம் எடுக்கும் படிவத்தில் கைநாட்டு வைத்தபோது, கணக்கில் 6,000 ரூபாய் இருந்தது. ஊருக்குள் மிஷினோடு வருகிறவரை விட்டால் வேறு வழியே இல்லை என்று ஆச்சி நினைத்திருந்தார். ஒரு விரல் விழாவிட்டால் மற்ற ஒன்பதையும் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு வைக்க வேண்டும். ராத்திரி படுக்கும்போது உள்ளங்கையிலும் விரலிலும் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்தால் வறட்சி குறையும். அப்படியும் விழாவிட்டால் ஆதார் மையத்துக்குப் போய்க் கைரேகையையும் கண் பதிவையும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இந்த உதவித்தொகை நேற்றைக்கு வந்தது அல்ல. தமிழ்நாட்டில் 1962-லேயே ஆரம்பித்த திட்டம். மத்திய அரசு 1995-ல்தான் மாதம் 75 ரூபாய் என்று தன் பங்கைத் தொடங்கியது. அப்போது 65 வயசு ஆகியிருக்க வேண்டும். 2011-ல் அதை 60 ஆக்கினார்கள். அதே 2011-ல் தமிழ்நாட்டில் தொகை மாதம் 1,000 ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. ஆதரவற்ற, வறுமையில் வாடும் முதியோருக்கானது இது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், போட்டோ ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின், தாலுகாவில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் உத்தரவு போடுவார். ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். அந்த எண் இல்லாமல் போய் நின்றால் அலைய வேண்டியதுதான். 'நான் முடித்துத் தருகிறேன், மூவாயிரம் கொடு' என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

'பிள்ளை நன்றாகச் சம்பாதிக்கிறானே, அவன் பார்க்க வேண்டாமா?' என்று நீங்கள் கேட்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும்! அதற்கு 2007-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். வசதியிருந்தும் பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைமேல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் என்னிடம் வரும் தாய்மார்களில் ஒருத்தர்கூட மகன்மேல் மனுக் கொடுக்கச் சம்மதித்ததில்லை. அது வேறு கதை.

சரி, 1,200 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 40 ரூபாய். அதில் என்ன சாப்பிட்டுவிட முடியும் என்கிறீர்களா? சித்த மருத்துவத்தில் ஆயுளை வாதம், பித்தம், ஐயம் என்று மூன்று பங்காகப் பார்ப்போம். அறுபத்தாறைத் தாண்டினால் ஐயத்தின் காலம். செரிமானத் தீ மந்தமாகும், பசி எடுக்காது. 'எனக்குப் பசிக்கவே இல்லை' என்று வயசானவர் சொன்னால் நாமும் விட்டுவிடுகிறோம். டீயும் பன்னுமாக நாள் ஓடிவிடுகிறது. தசை கரைகிறது, கால் தள்ளாடுகிறது, ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது. இடுப்பு முறிவுக்கு ஆகும் செலவை நான் சொல்ல வேண்டாம்.

ஆச்சிக்கு எழுதிக் கொடுத்தது இதுதான்: காலையில் கேழ்வரகுக் கஞ்சி, அதில் இரண்டு கரண்டி பொட்டுக்கடலை மாவு. பல் இல்லாதவர்களும் குடிக்கலாம், புரதமும் சேரும். மதியம் ரேஷன் அரிசிச் சோறு, ரேஷன் துவரம்பருப்பு, முருங்கைக்கீரை. ஒரு முட்டை. சாப்பாட்டுக்கு முன் துளி சுக்குப்பொடி, பசி எடுப்பதற்கு. உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு மாதம் 4 கிலோ அரிசி இலவசமாக உண்டு. சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடுகிறவர்களுக்கு 2 கிலோ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி, சேலையும் உண்டு. இதையெல்லாம் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

முட்டை விஷயத்தில் மட்டும் ஆச்சி என் பேச்சைக் கேட்கவில்லை. அது பேத்திக்குப் போகிறது. கண்டித்தேன். பிறகு தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி ஞாபகம் வந்தது. எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளாதார நிபுணர் 2003-ல் வெளியிட்டது. 2019-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் இவரும் ஒருவர். அங்கே பாட்டி கையில் அரசு ஓய்வூதியம் வந்த வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் நன்றாகத் தேறியிருந்தன. தாத்தா கையில் வந்த வீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லையாம்! (தாத்தாக்கள் மன்னிக்க.) அதனால், 'பேத்திக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று' என்று சீட்டைத் திருத்திக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா, முக்கில் இஸ்திரி போடுகிற பெரியவர், பூக்காரம்மா... இந்த வாரம் ஒரு வார்த்தை கேளுங்கள். பணம் வருகிறதா, கையில் கிடைக்கிறதா, கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். பாஸ்புக்கை வாங்கி வரவு போட்டுக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பையனுக்கு அரை மணி நேர வேலை. சந்தேகம் இருந்தால் முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

போன மாதம் ஆச்சி வந்தார். கிறுகிறுப்பு இல்லை. முட்டி வலி இருக்கிறது. ஆனால் கூடையைத் தானே இறக்கி வைத்தார்.

"சூரணத்தப் பாலுல குடிக்கச் சொன்னியளே, அரை லிட்டர் பாலு என்ன வெலன்னு தெரியுமா ஐயா?"

வெந்நீரில் கலந்து குடிக்கலாம் என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன்.