ஐம்பது ரூபாய்த் தாளில் ஒரு தலைநகரம்

தங்கள் கையிலுள்ள நீல நிற ஐம்பது ரூபாய்த் தாளைத் திருப்பிப் பாருங்கள். அதில் காணப்படும் கல் தேர், கர்நாடக மாநிலம் ஹம்பியில் உள்ள விட்டலர் கோயில் முற்றத்தில் நிற்கிறது. விஜயநகரப் பேரரசின் தலைநகரம் விளங்கிய இடம் அது.

14ஆம் நூற்றாண்டில் துங்கபத்திரையின் தென்கரையில் இந்நகரம் எழுந்தது. ஆறும் பாறைக் குன்றுகளும் அதற்கு இயற்கை அரண்களாயின. கோயில்களின் முன்னே நீண்ட கடைவீதிகள் அமைந்தன. 'வராகன்' என்னும் பொற்காசு புழங்கியது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் வந்த போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், இந்நகரின் பரப்பையும் செல்வத்தையும் வியந்து எழுதினார்.

1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் படை தோற்றது, நகரம் சூறையாடப்பட்டது. மரத்தாலான மேற்கட்டுமானங்கள் எரிந்தழிய, அரண்மனைகளின் கல் அடித்தளங்களே எஞ்சின.

எனினும் எல்லாம் அழிந்துவிடவில்லை. விரூபாட்சர் கோயிலில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. ஆற்றிலிருந்து பாறைகளினூடே அக்காலத்தில் வெட்டப்பட்ட கால்வாய்களுள் சில, இன்றளவும் நெல் வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நீர் அளிக்கின்றன. கருவூலத்தில் குவித்த பொன் ஒரு போரில் பறிபோயிற்று. கால்வாயில் இட்ட முதலோ நான்கு நூற்றாண்டுகள் கடந்தும் விளைச்சலாய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது.

1986இல் யுனெஸ்கோ ஹம்பியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஹொசபேட்டை ரயில் நிலையத்திலிருந்து இவ்விடம் சுமார் 13 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்குச் செல்வோர் கல் தேரைக் கண்டு திரும்பிவிடாமல், அக்கால்வாய்க் கரையிலும் சற்று நடந்து வருதல் நன்று.