பாசிக்கு ஏற்ற வாய்

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வாங்கப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமாகியிருக்கும். கப்பி, மோலி, கோல்டுஃபிஷ் எல்லாம் பையில் ஏறியதும் கடைக்காரர் சொல்வார்: "ஒரு டேங்க் கிளீனரும் விட்டுடுங்க சார், தொட்டி கழுவுற வேலையே மிச்சம்." விரல் நீளத்தில், கரும்புள்ளிகளோடு, பையின் ஓரத்தில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் அந்த மீன் சாதுவாகத்தான் தெரியும். விலையும் குறைவு. இருந்தாலும் வேண்டாமென்று சொல்லிவிடுவது நல்லது.

தென்னமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ ஆறுகளில் வாழும் கெளுத்தி வகை அது. டெரிகோப்ளிக்திஸ் என்பது அறிவியல் பெயர். செதிலுக்குப் பதிலாக உடம்பெல்லாம் எலும்புத் தகடுகள். ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் பிடிக்கும். குட்டியாக இருக்கும்போது பாசியை ஒழுங்காக மேயும். வளர வளர, மற்ற மீன்களுக்குப் போடும் தீனியில் ருசி கண்டுவிடும். பாசி அப்படியே இருக்க, அடியில் நூல் நூலாகக் கழிவு சேரும். கடைசியில் வீட்டுக்காரர் ஒரு வாளியோடு பக்கத்து ஏரிக்குக் கிளம்புவார். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரத்து நீர்நிலைகளில் இது பெருகியதற்கு இப்படி விடப்பட்டவையும் ஒரு காரணம். தண்ணீர் கெட்டாலும் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பை வழியாகவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். கரையைக் குடைந்து முட்டையிடும். துடுப்பு முள் வலையைக் கிழிக்கும். மீனவர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

பாசி தின்னும் எந்த உயிரும் தொட்டியைச் சுத்தம் செய்வதில்லை என்பதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. பாசி என்பது தண்ணீரில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் வெளிச்சத்தின் துணையோடு தழைத்த உருவம். மீன் அதைத் தின்றால், அந்த நைட்ரஜனில் பெரும்பங்கு அமோனியாவாகத் தண்ணீருக்கே திரும்புகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட் அடுத்த பாசிக்கு உரம். தண்ணீர் மாற்றும்போதோ, வளர்ந்த செடியை வெட்டி எடுக்கும்போதோ, பாசியைச் சுரண்டி அள்ளும்போதோதான் அது தொட்டியை விட்டு வெளியேறும். அப்படியானால் பாசி தின்னிகள் எதற்கு? கண்ணாடியும் செடியிலையும் பாசி மூடாமல் இருக்க. அந்த வேலைக்கு அவை போதும், ஆனால் எந்தப் பாசி என்று பார்த்து வாங்க வேண்டும்.

புதுத் தொட்டியில் முதலில் வருவது பழுப்புத் தூள். விரலால் தொட்டாலே வந்துவிடும். சிலிக்கா ஓடு கொண்ட டயட்டம்கள் இவை. இவற்றை மேய்வதில் ஆட்டோசிங்க்ளஸுக்கு இணை இல்லை. இரண்டு அங்குலத்தைத் தாண்டாத தென்னமெரிக்க மீன். இலைக்கு வலிக்காமல் இலையைத் துடைத்து வைக்கும். சிக்கல் என்னவென்றால், டயட்டம் வருவது புதுத் தொட்டியில். இந்த மீன் பிழைப்பதோ சில மாதம் ஓடிப் பழகிய தொட்டியில். பெரும்பாலும் ஆற்றில் பிடிபட்டு, பட்டினியோடு கடல் கடந்து வருவது. கடையில் வாங்கும்போது அது கண்ணாடியில் ஒட்டியிருக்கையில் வயிற்றைப் பாருங்கள். லேசாக உப்பியிருந்தால் வாங்கலாம், உள்வாங்கியிருந்தால் அது பிழைப்பது கடினம். ஐந்தாறு சேர்ந்து இருந்தால்தான் பயமின்றி மேயும். பாசி தீர்ந்துபோனால் அரைவேக்காட்டு வெள்ளரித் துண்டு போட வேண்டும். புதுத் தொட்டிப் பழுப்போ, அவசரப்படாமல் விட்டால் சில வாரங்களில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

செடியின் ஓரங்களில் கறுப்புத் தாடி மாதிரி முளைப்பது வேறு சங்கதி. பார்க்கக் கறுப்பு, குலத்தால் சிவப்புப் பாசி. இதைத் தின்பவை சொற்பம். அதில் பேர்போனது சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர். இதைக் கேட்டு வாங்கப் போனால் சைனீஸ் ஆல்ஜி ஈட்டரைப் பிடித்துக் கொடுத்துவிடுவது சகஜம். வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துவிடலாம். சயாமீஸின் கரும்பட்டை உடலோடு நிற்காமல் வால்துடுப்பின் நுனி வரை ஓடும். சைனீஸின் வாய் முழு உறிஞ்சி, கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். அதன் செவுளின் மேற்புறத்தில் தண்ணீர் உள்ளே வரத் தனித் துளை உண்டு, அதனால் வாயை எடுக்காமலே மூச்சுவிடும். அமைப்பு அழகு, குணம் மோசம். முக்கால் அடிக்கும் மேல் வளர்ந்து, ஏஞ்சல் போன்ற தட்டையான மீன்களின் மேல் ஒட்டி அவற்றின் உடல் வழவழப்பை உறிஞ்சத் தொடங்கும். கடையில் பொன்னிறத்தில் மின்னுவதும் இதுவேதான். சயாமீஸும் அரை அடி வளரும், வயதானால் சோம்பேறியாகித் தீனிக்குக் காத்திருக்கும். மூன்றடிக்குக் குறைந்த தொட்டியில் விட நான் சொல்ல மாட்டேன்.

சின்னத் தொட்டிக்கு என் ஓட்டு நத்தைக்குத்தான், அதிலும் நெரைட்டுக்கு. நகத்தால் சுரண்டினாலும் வராத பச்சைப் புள்ளிப் பாசியைக்கூட இது விடாது. கண்ணாடியில் ஊரும்போது வெளியிலிருந்து பாருங்கள்: வாய் திறந்து, ஒரு பட்டை முன்னால் வந்து கண்ணாடியை நக்கிவிட்டு உள்ளே போகும். தேங்காய்த் துருவி மாதிரி நுண்பற்கள் வரிசையாகப் பதிந்த நாக்கு அது. பாசி அடர்ந்த கண்ணாடியில் அது போன வழி வளைந்து வளைந்து தெளிவாகத் தெரியும். நன்னீரில் இதன் குஞ்சு பிழைக்காது, கழிமுக உப்பு வேண்டும். ஆகவே பெருகித் தொல்லை தராது. ஆனால் முட்டையிடாமல் இருக்காது. கல்லிலும் கட்டையிலும் வெள்ளைப் பொட்டாக ஒட்டி வைக்கும், சுரண்டி எடுப்பதற்குள் கை வலிக்கும்.

சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் ஓட்டுக்கு நல்லது. மென்னீரில் ஓடு அரிக்கும். மீன் மருந்தில் தாமிரம் இருந்தால் நத்தை செத்துப்போகும், மருந்து பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். வயலில் கிடைக்கும் பெரிய நத்தையை இலவசம்தானே என்று கொண்டுவந்து விட்டால் பாசியை விட்டுச் செடியைத் தின்றுவிடும்.

இந்தப் பாசி தின்னிகள் எதுவுமே தீர்க்காத இரண்டு உண்டு. நாற்றமடிக்கும் நீலப்பச்சைச் சளிப்படலம் ஒன்று. அது பாசியே அல்ல, பாக்டீரியா. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் சேர்ந்த கழிவையும் சேர்த்துக் களைய வேண்டும். மற்றது தண்ணீரே பச்சையாகிப்போவது. அதில் மிதப்பவை ஒற்றைச் செல் பாசிகள், எந்த நத்தை வாய்க்கும் அகப்படாது. ஜன்னல் வெயில் படும் தொட்டியென்றால் முதலில் இடத்தை மாற்றுங்கள். பிறகு விளக்கை அணைத்து, கனத்த போர்வையால் மூன்று நான்கு நாள் மூடி வையுங்கள். வளர்ந்த மீன்களுக்கு அத்தனை நாள் தீனி இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. காற்று மோட்டாரை மட்டும் நிறுத்தக் கூடாது, சாகும் பாசி ஆக்சிஜனைக் குடித்துவிடும். திறந்த அன்றே பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.