தொங்கும் கூரைத்துணிக்குப் பசை மட்டும் போதாது

ரிங்லெட் பக்கம் இன்றும் ஓடும் பழைய லேண்ட்ரோவர்கள் சிலவற்றில் உட்கூரைத் துணி தொங்கிப் பின்பக்கக் கண்ணாடியை மறைக்கும். தாப்பா மலைச்சாலையின் வளைவுகளில் இது ஆபத்து. துணிக்குப் பின்னால் உள்ள மெல்லிய ஸ்பாஞ்ச் ஈரத்திலும் சூட்டிலும் மக்கிப் பொடியாகிவிடுவதே காரணம். பாய்மரப் படகின் அறைக்குள்ளும் இதே கதைதான். அந்தப் பொடியின்மேல் எந்தப் பசையும் நிற்காது. ஊசி குத்துவதும் சில நாள் சமாளிப்பே.

கூரைப் பலகையைக் கழற்றி, மூக்கை மூடிக்கொண்டு, பொடி முழுவதையும் பிரஷால் தேய்த்தெடுங்கள். பலகை, புதுத்துணி இரண்டிலும் சூடு தாங்கும் பசை பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள். மலைக்குளிரில் அந்தப் பதம் மெதுவாகத்தான் வரும், அவசரம் வேண்டாம். பசையின் ஆவி தீப்பற்றும், சிகரெட் அருகில் கூடாது. எல்லாவற்றுக்கும் முன், மழைநீர் கசியும் கண்ணாடி ரப்பரை மாற்றிவிடுங்கள்.