டெக்சாஸ் கப்பலின் விலா

1944 ஜூன் நடுவில், நார்மண்டிக் கரைக்கு அப்பால் நின்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ‘டெக்சாஸ்’ ஒரு சிக்கலில் மாட்டியது. நேச நாட்டுப் படைகள் கரையேறி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவை உள்ளே முன்னேற முன்னேற, கப்பல் குண்டு வீச வேண்டிய இலக்குகளும் தள்ளிப்போயின. கப்பலின் பெரிய பீரங்கிகளை 15 பாகைக்கு மேல் நிமிர்த்த முடியாது. அந்தக் கோணத்தில் குண்டு ஏறத்தாழ 21 கிலோமீட்டர்தான் போகும். கரைக்கு எவ்வளவு நெருங்கலாமோ அவ்வளவு நெருங்கியாகிவிட்டது.

ஜூன் 15 அன்று, வலப்பக்க விலாவில் இருந்த வெற்று எஃகு அறைகளுக்குள் மாலுமிகள் கடல்நீரைத் திறந்துவிட்டார்கள். கப்பல் 2 பாகை வலப்புறம் சாய்ந்தது. இடப்பக்கம் அதே அளவு உயர்ந்தது. இடப்பக்கமாகத் திருப்பியிருந்த பீரங்கிகள் கிடைமட்டத்துக்கு மேல் 17 பாகையில் நிமிர்ந்தன. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 15 பாகையில் எறியும் பொருளைவிட 17 பாகையில் எறியும் பொருள் சுமார் 12 விழுக்காடு அதிகத் தூரம் போகும். மேல்நிலைப் பள்ளி இயற்பியல்தான். அதை நடுக்கடலில், போருக்கு நடுவே, அவ்வளவு எடையுள்ள கப்பலையே சாய்த்துச் செய்து காட்டியவர்களை நினைத்து எனக்கு வியப்பு தீரவில்லை.

அந்த வெற்று அறைகள் கப்பலோடு பிறந்தவை அல்ல. வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் தளத்தில் 1911இல் கட்டத் தொடங்கி, 1914 மார்ச் 12 அன்று கடற்படையில் சேர்ந்தபோது டெக்சாஸின் பக்கங்கள் நேராகவே இருந்தன. நீளம் 175 மீட்டர். 14 அங்குலக் குழல் கொண்ட பீரங்கிகள் பத்து. அதுவும் அதன் இணைக்கப்பல் ‘நியூயார்க்’கும்தான் அமெரிக்கக் கடற்படையில் 14 அங்குலப் பீரங்கி ஏந்திய முதல் கப்பல்கள்.

ஆனால் இயந்திர அறைக்குப் போனால் கொஞ்சம் பின்னோக்கிப் போனது போலிருக்கும். அப்போதே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நீராவி டர்பைனுக்கு மாறிவிட்டன. டெக்சாஸில் வைத்தது பழைய முறையிலான பிஸ்டன் இயந்திரங்கள், இரண்டு. இதைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. டர்பைன் வேகமாகச் சுழன்றால்தான் நன்றாக வேலை செய்யும். கப்பலின் சுழல்விசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் நீரைச் சரியாகத் தள்ளும். இரண்டுக்கும் இடையே வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் பற்சக்கரங்கள் அன்று தேறவில்லை. இரண்டையும் நேரடியாக இணைத்தால், சாதாரணப் பயண வேகத்தில் டர்பைன் நிலக்கரியை விழுங்கியது. பசிபிக் பெருங்கடலைக் கடக்க வேண்டிய ஒரு கடற்படைக்கு அது பெரிய கவலை.

டெக்சாஸின் ஒவ்வொரு இயந்திரத்திலும் நான்கு உருளைகள். நீராவி முதலில் சிறிய உருளைக்குள் உயர் அழுத்தத்தில் நுழைந்து பிஸ்டனைத் தள்ளும். அழுத்தம் குறைந்த அதே நீராவி அடுத்துள்ள பெரிய உருளைக்குப் போகும். பிறகு இன்னும் பெரிய இரண்டு உருளைகளுக்குப் பிரிந்து போகும். ஆலையில் பிழிந்த கரும்பை மடக்கி மறுபடியும் மறுபடியும் உள்ளே விட்டுக் கடைசிச் சாறு வரை எடுப்பதைப் போலத்தான். அழுத்தம் குறையக் குறைய நீராவி விரிந்து அதிக இடம் கேட்கும் என்பதால், கடைசி உருளைகளின் குறுக்களவு ஏறத்தாழ 7 அடி. இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து 28,100 குதிரைத்திறன் தந்து, கப்பலை 21 நாட் வேகத்தில் செலுத்தின.

முதல் உலகப்போரில் டெக்சாஸ் 1918இல் பிரிட்டிஷ் பெருங்கப்பற்படையோடு சேர்ந்தது. பெரிய மோதல் எதுவும் வாய்க்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று ஜெர்மானியக் கப்பற்படை சரணடைய வந்தபோது எதிர்கொண்ட கப்பல் வரிசையில் அதுவும் இருந்தது. 1919 மார்ச்சில் அதன் பீரங்கிக் கூண்டுக்கு மேல் பலகைத் தளம் அமைத்து, அதிலிருந்து ஒரு சாப்வித் கேமல் விமானம் கிளம்பியது. அமெரிக்காவின் பெரும் பீரங்கிப் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து விமானம் எழுந்தது அதுவே முதல் முறை.

விலா அறைகள் வந்தது 1925–27இல் நடந்த பெரும் சீரமைப்பின்போது. 14 நிலக்கரிக் கொதிகலன்களை எடுத்துவிட்டு எண்ணெயில் எரியும் 6 கொதிகலன்களை வைத்தார்கள். இரண்டு புகைபோக்கிகள் ஒன்றாயின. அத்தோடு இரண்டு பக்கங்களிலும் நீர்மட்டத்துக்குக் கீழே வரை புடைத்த எஃகு அறைகளைச் சேர்த்தார்கள். அகலம் 95 அடியிலிருந்து 106 அடியானது. நோக்கம் டார்ப்பிடோவிலிருந்து காப்பு. டார்ப்பிடோ நீருக்கடியில் வெடிக்கும்போது பிறக்கும் வாயுவும் அழுத்த அலையும் நேராக உடற்சுவரில் மோதினால் சுவர் கிழியும். வெளியே ஒரு தகடும் இடையில் வெற்றிடமும் இருந்தால், வெடிப்பின் ஆற்றல் அந்த இடத்திலேயே விரிந்து தளரும். உள்சுவருக்கு வந்து சேருவது குறையும்.

இதில் அரசியலும் உண்டு. 1922இல் கையெழுத்தான வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம், பழைய போர்க்கப்பல்களுக்கு விமானத்திலிருந்தும் நீர்மூழ்கியிலிருந்தும் காப்பு சேர்க்க 3,000 டன் வரை அனுமதித்தது. பீரங்கிகளின் கோணத்தை உயர்த்த அமெரிக்கா முனைந்தபோது, அது ஒப்பந்தத்துக்கு முரண் என்று பிரிட்டன் ஆட்சேபித்தது. டெக்சாஸின் பீரங்கிகள் கடைசி வரை 15 பாகையிலேயே நின்றுவிட்டன. விலாப் புடைப்பு தடையில்லாமல் வந்தது. நார்மண்டியில் அந்த மாலுமிகள் செய்தது, கிடைத்த ஒன்றைக் கொண்டு கிடைக்காத ஒன்றை ஈடுகட்டியதுதான்.

அந்தச் சாய்வுக்கு முன்பே, ஜூன் 6 விடியலில், புவாண்ட் டு ஹாக் செங்குத்துப் பாறைமேல் டெக்சாஸ் 34 நிமிடத்தில் 255 பெருங்குண்டுகளை வீசியிருந்தது. ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு மேல். ஜூன் 25 அன்று ஷெர்போர்க் துறைமுகத்தருகே ஜெர்மானியக் கரைப் பீரங்கி ஒன்றின் குண்டு கப்பலின் செலுத்துமேடையில் வெடித்துச் சுக்கான் பிடித்திருந்த மாலுமியைக் கொன்றது. இரண்டு உலகப்போர் கண்ட அந்தக் கப்பலில் எதிரியின் தாக்குதலால் போன ஒரே உயிர் அது. அதே நாள் தைத்த இன்னொரு குண்டு வெடிக்கவே இல்லை. 1945இல் டெக்சாஸ் பசிபிக்கில் இவோ ஜிமாவுக்கும் ஒகினாவாவுக்கும் போனது.

போர் முடிந்ததும் இத்தகைய கப்பல்களுக்கு வேலையில்லை. இணைக்கப்பல் நியூயார்க்கை 1946இல் பிகினி தீவில் இரண்டு அணுகுண்டுச் சோதனைகளுக்கு நிறுத்தினார்கள். இரண்டு வெடிப்பையும் தாங்கி மிதந்த அதை 1948இல் குறிபார்க்கும் பயிற்சிக்கு வைத்து மூழ்கடித்தார்கள். டெக்சாஸுக்கு வேறு வழி பிறந்தது. 1948 ஏப்ரல் 21 அன்று, ஹூஸ்டன் அருகே சான் ஹசிண்டோ போர்க்களத்தை ஒட்டிய நீர்த்துறையில், அதைத் தன் பெயர் கொண்ட மாநிலத்திடமே கடற்படை ஒப்படைத்தது. அமெரிக்காவில் நிலையான அருங்காட்சியகமான முதல் போர்க்கப்பல் அது. முதற்காலப் பெரும் பீரங்கிக் கப்பல்களின் வகையில் இன்று உலகத்தில் எஞ்சியிருப்பதும் அது ஒன்றே.

பகைவரின் குண்டு செய்யாததைத் துரு செய்தது இதற்குப் பிறகுதான். இரும்பு அணுக்கள் நீரிலும் ஆக்சிஜனிலும் எலக்ட்ரான்களை இழந்து கரையும். உப்பு கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் அந்த வினை விரைவு கொள்ளும். அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு ஒட்டிநின்று உள்ளிருப்பதைக் காக்கும். துருவுக்கு அந்தக் குணம் இல்லை. நுண்துளையோடு உப்பி, இரும்பைவிட அதிக இடம் பிடித்து, தகடுகளின் இணைப்புக்குள் புகுந்து அவற்றைப் பிதுக்கும். ஓடும் கப்பலைச் சில ஆண்டுக்கு ஒருமுறை உலர்துறைக்கு ஏற்றிச் சுரண்டிப் பூசுவார்கள். டெக்சாஸோ 40 ஆண்டு தண்ணீரிலும் சேற்றிலுமே கிடந்தது. மேல்தள மரம் உளுத்தபோது 1968இல் அதன்மேல் கான்கிரீட் ஊற்றினார்கள். விரிசல் வழியே மழைநீர் இறங்கி, உள்ளே எஃகை அரித்தது. நல்ல எண்ணத்தோடு செய்த கெடுதல். 1988இல்தான் கப்பல் உலர்துறையைப் பார்த்தது.

எல்லாவற்றிலும் மோசமாகப் பாதிக்கப்பட்டவை விலா அறைகள். மனிதர் நுழைந்து சுரண்டிப் பூச முடியாத குறுகிய இருட்டறைகள். வெளியிலிருந்து கடலும் உள்ளிருந்து தேங்கிய நீரும் தகட்டை இருபுறமும் தின்றன. 2012இல் பெரிய கசிவுகள். 2017 ஜூனில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு ஓட்டை விழுந்து, கப்பல் 6 பாகை சாய்ந்தது. நார்மண்டியில் மனிதர் கேட்டுப் பெற்ற சாய்வைப்போல மூன்று மடங்கு.

கப்பலை நீரிலிருந்தே எடுத்து நிரந்தரமாக உலர்தளத்தில் நிறுத்தும் திட்டத்துக்காக டெக்சாஸ் வாக்காளர்கள் 2007இல் 2.5 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்திருந்தார்கள். செலவு தாங்காது என்று அது கைவிடப்பட்டது. ஜப்பானின் ‘மிகாசா’ கப்பல் யோகோசுகாவில் அப்படித்தான் தரையில் பதிந்து நிற்கிறது. அதற்குக் கடல்நீரின் அரிப்பு இல்லை. டெக்சாஸையும் தரைக்கு ஏற்றியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். 2019இல் மாநிலச் சட்டமன்றம் பழுதுபார்க்க 3.5 கோடி டாலர் ஒதுக்கியது. விலா அறைகளில் நுரையை நிரப்பி மிதவை கூட்டி, 2022 ஆகஸ்ட் 31 அன்று இழுவைப்படகுகள் அதை கால்வெஸ்டன் உலர்துறைக்குக் கொண்டுபோயின. அரித்த தகடுகளை வெட்டியெடுத்துப் புதிய எஃகை வைத்து, 2024 மார்ச் 5 அன்று மீண்டும் நீரில் இறக்கினார்கள். புதிய எஃகிலும் அதே வேதிவினைதான் நடக்கும். அடுத்த உலர்துறைப் பயணத்துக்கான பணத்தை இன்றே ஒதுக்கி வைக்காவிட்டால், 1948இல் செய்த தவற்றையே மறுபடியும் செய்வோம்.