சுவரொட்டிக்கு எந்த இடத்தை வரையலாம்?

சுங்கைப்பட்டாணி – நகரின் பொது இடத்தைப் போற்றும் சுவரொட்டி என்றதும் பூங்கா, சந்தை, திடல், கடைத்தெரு என எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைப்பவர்கள் பலர். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அதில் எதுவும் பதியாது. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. அது எல்லாருக்கும் பொதுவானதாகவும், வெறும் கோட்டுருவிலேயே அடையாளம் தெரிவதாகவும் இருக்க வேண்டும்.

ஜாலான் இப்ராகிமில் நிற்கும் மணிக்கூண்டு அப்படிப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக, லிம் லீன் தெங் என்னும் ரப்பர் தோட்ட முதலாளியின் நன்கொடையில் 1936இல் எழுந்தது.

ரப்பர் தந்த செல்வத்தில் பால்மரம் வெட்டியவர்களின் உழைப்பும் உண்டு. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட இந்நாளில், மணிக்கூண்டின் அடியில் ஒரு பால்வாளியையும் வரைந்தால், நகரத்தின் சுவரொட்டியில் தோட்டத்து மக்களுக்கும் இடம் கிடைக்கும்.