தண்டவாளம் ஒன்று, வண்டி வேறு

நம் சங்க நூலகத்தில், நாளிதழ் மேஜைக்கு அடுத்தாற்போல், சிறிய மடிக்கணினி ஒன்று பல ஆண்டுகளாக இருந்து வருவதை அன்பர்கள் அறிவர். 2025-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் அது விழித்தெழ மறுத்துவிட்டது. கரிய திரையில் இரண்டு வரிகள் தோன்றின, அவ்வளவே. விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அதே இரண்டு வரிகள்தாம்.

கணிப்பொறி பழையது, போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம். ஆனால் அதனுள்ளே இருந்தவை அவ்வாறு விட்டுவிடத் தக்கவை அல்ல. நம் சங்கத்து மூத்தோர் பதினொருவர், தாம் முதன்முதலில் இந்நகருக்கு வந்து சேர்ந்த வரலாற்றைச் சொல்லச் சொல்ல, நூலகப் பொறுப்பாளர் ஈராண்டுக் காலம் உடனிருந்து தட்டெழுதி வைத்திருந்தார். சொன்னவர்களில் நால்வர் இன்று நம்மிடையே இல்லை. வேறு படி எடுத்து வைக்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அருகிலிருந்த பழுது பார்க்கும் கடைக்காரர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்" என்றார். பொருளாளரும் அரைமனத்துடன் இசையும் நிலையில் இருந்தார். "ஐயா, ஒரு நாள் பொறுங்கள்" என்று கேட்டுக்கொண்டு கணிப்பொறியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அந்த ஒரு நாளில் கண்டறிந்தவை நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்பதாலேயே இங்கு எழுதுகிறேன்.

திரையில் தோன்றிய வரிகளின் பொருள் இதுதான்: "இந்தக் கெர்னலுக்கு எக்ஸ்86-64 வகைச் செயலி வேண்டும், இங்கு இருப்பதோ ஐ686 வகைச் செயலி. செயலிக்கு ஏற்ற கெர்னலைப் பயன்படுத்துக." இதைவிடத் தெளிவாக ஒரு பொறி தன் குறையைச் சொல்ல இயலாது. கேட்பதற்குத்தான் எங்களில் ஒருவரும் இல்லை.

கெர்னல் என்பது யாது? கணிப்பொறியின் இயங்குதளத்துக்கு உட்கருவாக அமைந்த நிரல் அது. நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகிய அனைத்தையும் ஆள்வது அதுவே. அக்கட்டளைகளை நிறைவேற்றுவது செயலி. ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் தனித்தனியான கட்டளை மொழி உண்டு. ஒரு குடும்பத்துக்கென ஆக்கிய கெர்னல் மற்றொன்றில் ஓடாது.

தென்மாவட்டங்களிலிருந்து வடக்கே வந்த நம் பெரியோர், எழும்பூரில் மீட்டர் கேஜ் வண்டியிலிருந்து இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சென்ட்ரல் நிலையம் சென்று, பிராட் கேஜ் வண்டி ஏறிய கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒன்றில் தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். மற்றதில் 1,676 மில்லிமீட்டர். வண்டி எவ்வளவு புதியதாயினும், அகலம் பொருந்தாத பாதையில் ஒரு முழம்கூட நகராது. செயலி தண்டவாளம் என்றால், கெர்னல் வண்டி.

இக்குடும்ப வரலாற்றையும் சிறிது அறிவது நலம். இன்டெல் நிறுவனத்தின் 80386 என்னும் 32 பிட் செயலி 1985-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கியது அந்த 386 செயலி கொண்ட கணிப்பொறியிலேதான். ஆயினும் 2013-ஆம் ஆண்டில் வெளியான 3.8 பதிப்பிலிருந்து லினக்ஸ் அந்த 386-ஐக் கைவிட்டுவிட்டது. பிறந்த வீட்டுக்கே திரும்ப வழியில்லாமற் போயிற்று!

இதற்கிடையே 2003-ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம் 64 பிட் செயலிகளை இக்குடும்பத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவை 32 பிட் கெர்னலையும் ஏற்கும். 64 பிட் கெர்னலையும் ஏற்கும். சில இடங்களில் மூன்று தண்டவாளங்கள் பதித்து இருவகை வண்டிகளையும் ஓட விட்டார்கள் அல்லவா? அதனைப் போன்றது இது. ஆனால் 32 பிட் மட்டுமே அறிந்த செயலியில் 64 பிட் கெர்னல் ஓட வழியே இல்லை.

நம் நூலகத்து மடிக்கணினியில் இருந்தது 2008-ஆம் ஆண்டில் வந்த ஆட்டம் என்270. அது 32 பிட் மட்டுமே அறிந்தது. அதில் டெபியன் 12 நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் பழைய 32 பிட் கணிப்பொறிகளுக்கான கெர்னல் தரப்படவில்லை. இதைக் கேள்வியுற்ற நம் இளைஞர் ஒருவர், பொறியை முன்கூட்டியே 64 பிட்டுக்கு மாற்றிவிடலாம் என்று நல்லெண்ணத்துடன் 64 பிட் கெர்னலை நிறுவினார். நிறுவும்போது தடை ஏதும் நேரவில்லை. வட்டில் கோப்பாக எதையும் வைக்கலாமே! மறுமுறை தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

ஆகவே, இத்தகைய இடையூறு நேரும்போது முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது இது: கெர்னல் தொடங்கவில்லை என்பதால் நம் எழுத்துகள் அழிந்துவிடவில்லை. கெர்னல் இருக்கும் இடம் வேறு. ஆவணங்கள் இருக்கும் இடம் வேறு. அவற்றை அழிப்பது பழுதன்று. பதற்றத்தில் நாம் செய்யும் மறுநிறுவலே அழிக்கிறது.

இரண்டாவதாக, பழைய கெர்னல் பெரும்பாலும் வட்டிலேயே இருக்கும். கணிப்பொறி தொடங்கும் வேளையில் கிரப் என்னும் தொடக்க நிரல் ஒரு பட்டியலைச் சில நொடிகள் காட்டும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்ற வரியைத் தெரிந்தெடுத்தால் நிறுவப்பட்ட கெர்னல்கள் வரிசையாகத் தோன்றும். நம் பொறியில் 686 என்ற குறியுடைய பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நிமிடத்துக்குள் பழைய திரை பழையபடியே வந்து நின்றது. ஒரு நாள் கேட்டிருந்தேன். ஒரு நிமிடமே போதுமானதாயிற்று.

பழைய கெர்னலையும் எவரேனும் நீக்கியிருந்தால், யு.எஸ்.பி. தண்டிலிருந்து தொடங்க வேண்டும். இங்கேதான் பலர் இரண்டாம் முறை வழுக்கி விழுகிறார்கள். தண்டில் உள்ள லினக்ஸும் செயலிக்குப் பொருந்துவதாக இருத்தல் வேண்டும். 32 பிட் பொறியில் 64 பிட் தண்டைச் செருகினால் அதே இரண்டு வரிகள்தாம் தோன்றும். பொறியே செத்துவிட்டது என்று தவறாக முடிவு கட்டிவிடுவார்கள். பொருந்திய தண்டிலிருந்து தொடங்கி, முதலில் ஆவணங்களை வேறொரு வட்டுக்குப் படியெடுத்துவிட்டு, அதன் பின்னரே பழுது நீக்கத்தில் இறங்க வேண்டும்.

மூன்றாவதாக, பொருந்தாத கெர்னலை முறைப்படி நீக்கிவிட்டு, கிரப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கெர்னலை இழுத்து வந்த தலைமைப் பொதியையும் உடன் நீக்குதல் அவசியம். இல்லையேல் அடுத்த புதுப்பித்தலில் அது மீண்டும் வந்து அமர்ந்துகொள்ளும்.

32 பிட் குடும்பத்துக்குள்ளேயும் பொருத்தமின்மை உண்டு. 4 ஜி.பி.க்கு மேற்பட்ட நினைவகத்தை எட்ட உதவும் பி.ஏ.இ. என்ற வசதி 1995-ஆம் ஆண்டின் பென்டியம் புரோ செயலியில் வந்தது. 2012 அக்டோபரில் வெளியான உபுண்டு 12.10 முதல், அவ்வசதி இல்லாத செயலிகளுக்கான கெர்னல் நிறுத்தப்பட்டது. சில பென்டியம் எம் செயலிகளின் கதை வேடிக்கையானது: வசதி உண்டு; ஆனால் உண்டென்று சொல்லிக்கொள்ளாது! அதற்கெனவே கெர்னலிடம் ‘ஃபோர்ஸ்பேஇ’ என்று கட்டளையிடும் வழி பின்னர் வந்தது. நம் பிள்ளைகள் பயன்படுத்தும் ராஸ்பெரி பை பொறிகளிலும் இவ்வாறே. 2012-ஆம் ஆண்டின் முதல் பை ஆர்ம்வி6 வகை. 2015-இன் பை 2 ஆர்ம்வி7 வகை. பை 3-க்கென எழுதிய 64 பிட் அட்டையை முதல் பையில் செருகிவிட்டுக் காத்திருப்பதிற் பயனில்லை.

வருமுன் காப்பதற்கு என்ன செய்வது? ‘எல்எஸ்சிபியூ’ என்ற கட்டளையை இட்டால், செயலி 32 பிட் மட்டும் அறிந்ததா, இரண்டும் அறிந்ததா என்று ஒரு வரியில் சொல்லிவிடும். ‘யூநேம் -எம்’ என்ற கட்டளையை மட்டும் நம்பலாகாது. அது இப்போது ஓடும் கெர்னலின் வகையைச் சொல்லுமேயன்றிச் செயலியின் ஆற்றலைச் சொல்லாது. முன்னது தண்டவாளத்தை அளப்பது. பின்னது அதன் மேல் நிற்கும் வண்டியைப் பார்ப்பது. இரண்டாவதாக, புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைப் படிக்க வேண்டும். மூன்றாவதாக, புதிய கெர்னல் ஒருமுறையேனும் நன்கு தொடங்கும் வரை பழையதை நீக்கலாகாது. இவை அனைத்துக்கும் முன்னதாக, ஆவணங்களுக்கு வேறிடத்தில் ஒரு படி இருத்தல் வேண்டும்.

அந்த இளைஞரை எவரும் கடிந்துகொள்ளவில்லை. அவரே இப்போது பதினொருவர் வரலாற்றையும் மூன்று இடங்களில் படியெடுத்து வைத்திருக்கிறார். பழைய மடிக்கணினி வலைத்தொடர்பின்றித் தட்டெழுதுவதற்கு மட்டும் பயன்பட்டு வருகிறது.

அன்று கணிப்பொறி விழித்தெழுந்ததும் முதலில் திறந்த கோப்பு, மறைந்த மூதாட்டி ஒருவர் சொன்னது. எழும்பூரில் இறங்கிச் சென்ட்ரலுக்குச் செல்லும் அவசரத்தில், ஊறுகாய் ஜாடியை மீட்டர் கேஜ் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்ததை அவர் அதில் சொல்லியிருக்கிறார். அடுத்த இதழிலிருந்து அவ்வரலாறுகளை ஒவ்வொன்றாக வெளியிட நூலகப் பொறுப்பாளர் இசைந்துள்ளார். தம் வீட்டுக் கணிப்பொறியில் இத்தகைய செல்வங்களை வைத்திருக்கும் அன்பர்கள், இவ்விதழை மடித்து வைக்குமுன் அவற்றுக்கு ஒரு படி எடுத்துவிடுவார்களாக.