கசப்பு இருக்கட்டும், போதை போகட்டும்!



இராயபுரத்தில் சரக்கு இறக்கிய தோளும், எண்ணூர் அனலில் வெந்த உடலும், திருவொற்றியூர் ஆலையில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய கையும் மாலையில் கேட்பது என்ன? கொஞ்சம் இளைப்பாறல்! அதை மதுக்கடைதான் தரவேண்டுமா?

குடியை விட்ட தோழன் கலர் சோடா கேட்கிறான். "சின்னப்பிள்ளையா நீ?" என்று சிரிக்கிறார்கள் கூட்டாளிகள். அந்தச் சிரிப்பே அவனை மீண்டும் படுகுழியில் தள்ளுகிறது.

இனிப்பை மாற்ற மேல்நாட்டார் கண்ட பொருள் 'பிட்டர்ஸ்'. வேர், பட்டை, பழத்தோல் இவற்றின் கசப்புச் சாறு. சோடாவில் நாலு சொட்டு விட்டால் சுவையே வேறு. ஆனால் அந்தச் சொட்டுக்குள் ஒளிந்திருப்பவர் யார்? மது! 1824-ல் வெனிசுலாவின் அங்கோஸ்துரா நகரில் சீகெர்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் வயிற்றுக்கென்று உருவாக்கிய பிட்டர்சில் ஆல்கஹால் 44.7 விழுக்காடு!

நாலு சொட்டில் மயக்கம் வராது, ஒப்புகிறேன். குப்பியே கையில் கிடைத்தால்? அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 முதல் 1933 வரை. மருந்தென்று விற்ற இஞ்சிச் சாராயத்தைக் குடித்தனர் ஏழைகள். 1930-ல் அதில் தொழிற்சாலை ரசாயனம் கலந்தது. ஆயிரக்கணக்கானோரின் கால்கள் முடங்கின. இங்கும் 1948-ல் சென்னை மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தபின், இஞ்சி டிங்சர் மருந்துக்கடை வழியே போதையாயிற்று. மருந்து வேடம் மதுவுக்குப் புதிதல்ல!

இன்னொன்று கேளுங்கள். குடியை நிறுத்த மருத்துவர் தரும் டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுகிறவன், அரிஷ்டத்தை டானிக் என்று நம்பிக் குடித்தாலும் ஆபத்து. அரிஷ்டம் புளித்து உருவாவது. மது அதில் தானே விளையும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் வீழும். திருந்த வந்தவனைத் தண்டிப்பது தெரியாமை!

மது எதற்கு அதில்? சாற்றைப் பிரித்தெடுக்க, கெடாமல் காக்க. அந்த வேலையைக் கிளிசரினும் செய்யும். மதுவற்ற பிட்டர்ஸ் அப்படித்தான் உருவாகிறது.

அதற்கும் காசில்லையா? நம் பாட்டியின் அடுப்பு இருக்கிறது! நாரத்தைத் தோல், சுக்கு, சீரகம் தண்ணீரில் கொதிக்கட்டும். வடிகட்டி, அன்றன்றைக்கே ஒரு கரண்டி சோடாவில் ஊற்றி, எலுமிச்சையும் உப்பும் சேருங்கள். கசப்பும் காரமும் உண்டு, கேடு இல்லை.

குப்பியின் சீட்டைப் படியுங்கள். படிக்கத் தெரியாத தோழனுக்குப் படித்துச் சொல்லுங்கள். சோடா கேட்பவனைக் கேலி செய்யாதீர்கள். அவன் பக்கத்தில் அமர்ந்து நீங்களும் ஒன்று கேளுங்கள்.

நாவில் கசக்கட்டும், நம் வீட்டில் இனிக்கட்டும்!